பேசாத மீனிடம் மனச்சிதைவைப் பற்றிக் கேட்பது எப்படி?

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மூளையைப் படமெடுத்துப் பார்த்தும் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மருத்துவர் நோயாளியோடு பேசுகிறார், உடனிருப்பவர்களிடம் விசாரிக்கிறார், யாரும் இல்லாத இடத்தில் குரல்கள் கேட்கின்றனவா, தன்னை எவரோ கண்காணிக்கிறார்கள் என்ற அசைக்க முடியாத எண்ணம் இருக்கிறதா, பேச்சு கோவையில்லாமல் சிதறுகிறதா என்று கவனித்து, அதன்பிறகே முடிவுக்கு வருகிறார். இந்நோயின் அடையாளங்களில் பெரும்பகுதி நோயாளியின் வாய்ச்சொல் வழியாகத்தான் வெளியே தெரிகிறது. அப்படியிருக்க, விரல் நீளம்கூட இல்லாத, உடலில் நீலக் கோடுகள் ஓடும் ஒரு சிறு மீனை வைத்துக்கொண்டு பல நாட்டு ஆய்வகங்கள் இந்நோயை ஆராய்கின்றன என்று கேள்விப்படுபவருக்கு முதலில் ஐயம்தான் எழும். அந்த ஐயம் நியாயமானது. அதைக் கைவிடாமல் வைத்துக்கொண்டே இந்த ஆய்வுகளுக்குள் நுழைவதுதான் அவற்றைச் சரியாகப் புரிந்துகொள்ளும் வழி என்று நான் கருதுகிறேன்.

நோயைப் பற்றி முதலில் சில சொற்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 2.4 கோடிப் பேர், அதாவது ஏறத்தாழ 300 பேரில் ஒருவர், மனச்சிதைவோடு வாழ்கிறார்கள். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ இது வெளிப்படுகிறது. ஒரே ஆளுக்குள் இரண்டு ஆளுமைகள் குடியிருப்பதாகத் திரைப்படங்கள் பரப்பிய கருத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. அறிகுறிகளை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். இல்லாத குரல் கேட்பது, பொய்யான எண்ணத்தை உறுதியாக நம்புவது போன்றவை மிகை அறிகுறிகள். பேச்சும் ஆர்வமும் உணர்ச்சியும் வற்றிப்போவது, மனிதர்களை விட்டு விலகுவது போன்றவை குறை அறிகுறிகள். கவனம், நினைவு, திட்டமிடல் ஆகியவற்றில் ஏற்படும் தளர்ச்சி மூன்றாவது வகை. இன்றுள்ள மருந்துகள் முதல் வகையை ஓரளவு நன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. ஒருவரை வேலைக்குத் திரும்பவிடாமலும் நட்பைப் பேணவிடாமலும் தடுக்கும் மற்ற இரு வகைகளில் அவற்றின் பலன் மிகக் குறைவு. புதிய ஆய்வு முறைகளைத் தேடவேண்டிய கட்டாயம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

உயிரோடிருக்கும் மனிதரின் மூளைக்குள் ஒரு மரபணுவை மாற்றிப் பார்க்கவோ, கருவிலிருந்து நரம்புகள் எப்படிப் பின்னப்படுகின்றன என்று நாள்தோறும் கண்காணிக்கவோ முடியாது என்பதால் விலங்கு மாதிரிகள் தேவைப்படுகின்றன. மாதிரி என்ற சொல் இங்கே எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அது நோயுற்ற விலங்கைக் குறிப்பதில்லை. நோயின் ஏதோ ஓர் இழையை மட்டும் தனியே உருவி, அளந்து பார்க்க வசதியான ஓர் உயிரில் வைத்து ஆராயும் ஏற்பாட்டையே குறிக்கிறது. மனச்சோர்வு ஆய்வுக்கான விலங்கு மாதிரிகளை எடைபோடுவதற்காக உளவியலாளர் பால் வில்னர் 1984இல் வகுத்த மூன்று அளவுகோல்கள் இன்று உளநோய் ஆய்வு முழுவதிலும் பயன்படுகின்றன. விலங்கின் நடத்தை நோயின் அறிகுறியைப் போல இருக்கிறதா என்பது தோற்ற ஒப்புமை. நோய்க்கு வழிவகுக்கும் அதே காரணம் விலங்கிலும் வேலை செய்கிறதா என்பது காரண ஒப்புமை. மனிதருக்குப் பலன் தரும் மருந்து விலங்கிலும் பலன் தருகிறதா என்பது மருந்து ஒப்புமை. மீனைப் பற்றிய எந்த ஆய்வுச் செய்தியைப் படித்தாலும் இந்த மூன்றில் எதை அது தொடுகிறது என்று பார்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

இனி மீன். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் ஜீப்ரா மீன் என்று அழைக்கும் இந்த வரிக்குதிரை மீன் தெற்காசிய நன்னீர்நிலைகளைச் சேர்ந்தது. 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை ஆற்று மீன்களை விவரித்தபோது இதையும் சேர்த்து விவரித்தார். ஆய்வகத்துக்குள் இதை முறையாகக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1981இல் வெளியானது. 1996இல் ஜெர்மனியின் டியூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் நடந்த பெரும் மரபணுத் திரிபு ஆய்வுகளுக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. பெண் மீன் ஒரே முறையில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்வதாலும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ இருப்பதாலும் இதயம் துடிக்கத் தொடங்குவதையும் நரம்பு இழைகள் நீள்வதையும் நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். இரண்டு மூன்று நாட்களில் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஐந்தாம் நாளில் தானாக நீந்தித் திரிகிறது. இதன் மரபணுத்தொகுதி 2013இல் முழுமையாக வெளியிடப்பட்டபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு மீனில் குறைந்தது ஓர் இணை மரபணுவாவது உண்டு என்று தெரிந்தது.

மூளை விஷயத்தில் இந்த மீன் தரும் வாய்ப்பு தனித்தன்மையானது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. சுண்டெலியில் சுமார் 7 கோடி. ஒரு வார வயதுள்ள மீன்குஞ்சில் ஏறத்தாழ ஒரு லட்சம். நரம்பணு வேலை செய்யும்போது ஒளிரும் புரதத்தை மரபணு மூலம் அந்தக் குஞ்சுக்குள் புகுத்தி, மெல்லிய ஒளித்தாள் ஒன்றை மூளையின் குறுக்கே அடுக்கடுக்காக நகர்த்திப் படமெடுத்தால், ஏறத்தாழ முழு மூளையின் செயல்பாட்டையும் தனித்தனி அணுக்கள் தெரியும் அளவுக்குப் பதிவுசெய்ய முடியும். 2013இல் அமெரிக்காவின் ஜனீலியா ஆய்வு வளாகத்தில் இதைச் செய்துகாட்டினார்கள். முதுகெலும்புள்ள வேறெந்த ஆய்வக விலங்கிலும் அந்த நாளில் இது இயலாத காரியமாக இருந்தது.

ஆனால் பேச்சற்ற உயிரிடம் எதை அளப்பது? இதற்குக் கிடைத்த மிகச் சிறந்த விடை, திடுக்கிடல் என்னும் எளிய செயலில் இருக்கிறது. எதிர்பாராமல் பெருஞ்சத்தம் கேட்டால் நம் கண்கள் சட்டென்று இமைக்கின்றன. அந்தச் சத்தத்துக்குச் சில நூறு மில்லிவினாடிகளுக்கும் குறைவான நேரம் முன்னதாக ஒரு மெல்லிய ஒலி கேட்டிருந்தால், பெருஞ்சத்தத்துக்கு நாம் திடுக்கிடுவது கணிசமாகக் குறைகிறது. முதல் ஒலியைக் கையாண்டுகொண்டிருக்கும் மூளை அடுத்து வருவதற்குச் சிறிது நேரம் கதவைச் சாத்திவைக்கிறது என்று இதை விளக்கலாம். இதற்கு முன்துடிப்புத் தடுப்பு என்று பெயர். மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்தத் தடுப்பு சராசரியாகக் குறைந்திருப்பதை டேவிட் பிராஃபும் அவருடைய குழுவினரும் 1978இல் காட்டினார்கள். வேண்டாத ஒலிகளையும் காட்சிகளையும் வடிகட்ட முடியாமல் எல்லாம் ஒருசேர மனத்துக்குள் பாய்வதாகச் சில நோயாளிகள் சொல்லும் அனுபவத்தோடு இது பொருந்துவதுபோல் தோன்றுவதால், ஆய்வாளர்கள் இதைப் பற்றிக்கொண்டார்கள்.

மீன்குஞ்சும் திடுக்கிடும். திடீர் அதிர்வை உணர்ந்தவுடன், பதினைந்து மில்லிவினாடிகளுக்குள்ளாகவே தன் உடலை வில்போல் ஒருபுறமாக வளைத்து, அங்கிருந்து உந்தித் தப்பிக்கிறது. இந்த வேகமான வளைவை முதன்மையாக இயக்குபவை பின்மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த மௌத்னர் அணுக்கள் என்னும் இரண்டு பெரிய நரம்பணுக்கள். ஒரு நடத்தையை இரண்டே அணுக்கள் வரை தேடிச்சென்று பிடிக்க முடிவது நரம்பியலில் அடிக்கடி வாய்க்கும் பேறு அன்று. ஹரோல்ட் பர்ஜெஸ், மைக்கேல் கிரனாடோ ஆகிய இருவரும் 2007இல், பெரிய அதிர்வுக்கு முன்னதாகச் சிறிய அதிர்வைக் கொடுத்தால் மீன்குஞ்சின் திடுக்கிடலும் பாலூட்டிகளில் நிகழ்வதைப் போலவே குறைகிறது என்பதை அதிவேகப் படக்கருவியின் உதவியோடு நிறுவினார்கள். நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமின் என்னும் பொருளைப் போலச் செயல்படும் வேதிப்பொருளைக் கொடுத்தபோது அந்தத் தடுப்பு குலைந்தது. மனச்சிதைவுக்கு மனிதர்களுக்குத் தரப்படும் மருந்தைச் சேர்த்தபோது குலைவு அடங்கியது. தோற்ற ஒப்புமையும் மருந்து ஒப்புமையும் ஒரே சோதனையில் கைகூடின.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முன்துடிப்புத் தடுப்பு குறைவது மனச்சிதைவுக்கே உரிய முத்திரை அன்று. ஹன்டிங்டன் நோய், டூரெட் குறைபாடு, எண்ணச் சுழற்சி நோய் ஆகியவற்றிலும் அது குறைந்து காணப்படுகிறது. எனவே தடுப்பு குறைந்த மீனைக் கண்டவுடன் அதற்கு மனச்சிதைவு என்று சொல்வது, காய்ச்சல் உள்ள எல்லாரையும் ஒரே நோயின் பட்டியலில் சேர்ப்பதைப் போன்றது. மூளையின் வடிகட்டும் சுற்று பழுதுபட்டிருக்கிறது என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும். அந்தச் சுற்றை அணு அணுவாக ஆராய முடிகிறது என்பதுதான் மீனின் பயன்.

மீனில் நோயின் இழை ஒன்றை உண்டாக்குவதற்கு இரண்டு பாதைகள் உள்ளன. முதலாவது மருந்துப் பாதை. கெட்டமின், பென்சைக்ளிடின் ஆகிய மயக்க மருந்துகளை உட்கொண்ட நலமான மனிதர்களுக்குத் தற்காலிகமாக மனச்சிதைவை ஒத்த நிலை தோன்றுகிறது. இவை இரண்டும் குளுட்டமேட் என்னும் நரம்புச் செய்திப் பொருளுக்கான என்எம்டிஏ ஏற்பிகளை, அதாவது அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களை, அடைக்கின்றன. அதே வேலையைச் செய்யும் எம்கே-801 என்ற பொருளை நீரில் கரைத்துவிட்டாலே போதும், செவுள்கள் வழியாகவும் தோல் வழியாகவும் மீனின் உடலுக்குள் சென்றுவிடும், ஊசி தேவையில்லை. அதற்கு ஆட்பட்ட மீன் வழக்கத்தைவிட மிகுதியாக நீந்துகிறது, சில வேளைகளில் வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது, கூட்டத்தோடு சேர்ந்து நீந்தும் இயல்பை இழக்கிறது. வரிக்குதிரை மீன்கள் இயல்பில் கூட்டமாக வாழ்பவை என்பதால், தன்னினத்தை நாடாமல் ஒதுங்குவதைச் சமூக விலகலின் எளிய அளவாகக் கொள்கிறார்கள். பிரேசிலைச் சேர்ந்த ஆய்வுக்குழு ஒன்று 2010இலும் 2011இலும் வெளியிட்ட ஆய்வுகளில், இந்த மாற்றங்களை மனச்சிதைவு மருந்துகள் தடுக்கவோ மீட்கவோ முடியும் என்று காட்டியது.

மருந்துப் பாதையில் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் மனச்சிதைவு மருந்தான குளோர்புரோமசின் 1952இல் பாரிஸில் நோயாளிகளிடமே பலன் காட்டியது. அறுவை சிகிச்சைக்கு உதவும் பொருளாகப் பயன்பட்டுவந்த அதன் அமைதிப்படுத்தும் தன்மையைத் தற்செயலாகக் கவனித்ததிலிருந்து தொடங்கிய கதை அது. இத்தகைய மருந்துகள் டோபமினின் டி2 ஏற்பியை அடைக்கின்றன என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. டோபமினை மிகைப்படுத்தி ஒரு விலங்கின் நடத்தையைக் குலைத்துவிட்டு, அதைச் சரிசெய்யும் பொருளைத் தேடினால், கிடைப்பது மீண்டும் ஒரு டோபமின் தடுப்பானாகவே இருக்கும். பூட்டைச் செய்தவரே சாவியையும் செய்துவைத்துவிட்டுத் திறந்துகொண்டது என்று மகிழ்வதைப் போன்றது இது. டோபமின் ஏற்பியைத் தொடாமல் அசிட்டைல்கோலின் என்னும் வேறொரு நரம்புச் செய்திப் பொருளின் மஸ்கரினிக் ஏற்பிகள் வழியாகச் செயல்படும் முதல் மனச்சிதைவு மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற 2024 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதில் இந்தக் கண்ணியின் நிழலும் விழுந்திருக்கிறது என்பது என் கணிப்பு. மீன்குஞ்சு இங்கே ஓரளவு உதவக்கூடும். 96 சிறு கிண்ணங்கள் கொண்ட தட்டில் கிண்ணத்துக்கு ஒன்றோ சிலவோ குஞ்சுகளை இட்டு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வேதிப்பொருளைக் கலந்து, ஒளிக்கும் ஒலிக்கும் அவை காட்டும் அசைவுகளைக் கணினியால் பதிவுசெய்தால், ஆயிரக்கணக்கான பொருட்களைச் சில வாரங்களில் சலித்துவிடலாம். எந்த ஏற்பியில் வேலை செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், நடத்தையின் வடிவத்தை மட்டும் பார்த்துப் பொருட்களை வகைப்படுத்துவதால், எதிர்பாராத வழியில் செயல்படும் ஒன்று அகப்பட இடமிருக்கிறது.

இரண்டாவது மரபணுப் பாதை. காரண ஒப்புமைக்கு அருகில் செல்வது இதுதான். நோய்வரும் வாய்ப்பில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 80 விழுக்காடு மரபு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அந்த மரபணுக்கள் எவை என்ற தேடலில் ஆரம்பகால நாயகன் டிஸ்க்1. ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றில் 1ஆம், 11ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருந்ததையும், அந்த மாற்றத்தைச் சுமந்த பலருக்கு உளநோய்கள் இருந்ததையும் 1990இல் கண்டறிந்தார்கள்; முறிந்த இடத்தில் இருந்த மரபணுவுக்கு 2000இல் பெயர் சூட்டப்பட்டது. மீனிலும் அதன் இணையை ஒடுக்கிப் பார்த்தார்கள். நரம்பு இழைகளுக்கு உறையிடும் அணுக்கள் சரியாக உருவாகவில்லை என 2009இல் அறிக்கை வந்தது. பின்னர் பல்லாயிரம் பேரின் மரபணுக்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில், பொதுவான மனச்சிதைவுக்கு டிஸ்க்1 முக்கியக் காரணம் என்பதற்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. மீன் ஆய்வு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதற்குள் கொண்டுவரும் மரபணு மனித நோயில் உண்மையிலேயே பங்குகொள்வதாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை இது தந்தது.

ஒடுக்கும் முறையிலும் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. அந்நாட்களில் மார்ஃபோலினோ என்னும் செயற்கை மூலக்கூறைக் கருவுக்குள் செலுத்தி, ஒரு மரபணுவின் செய்தி புரதமாக மாறாதபடி சில நாட்களுக்குத் தடுப்பார்கள். மரபணுவையே வெட்டி மாற்றும் கிரிஸ்பர் போன்ற கருவிகள் வந்தபின் இரண்டையும் ஒப்பிட்டபோது, மார்ஃபோலினோ காட்டிய குறைகளில் மிகப்பல, மரபணு வெட்டப்பட்ட மீன்களில் தென்படவில்லை. சிலவற்றில் மார்ஃபோலினோவே வேறு கேடு செய்திருந்தது. வேறு சிலவற்றில் நடந்தது சுவையானது: மரபணு சிதைந்திருப்பதை உணர்ந்த உயிரணு, அதன் உறவுக்கார மரபணுக்களை முடுக்கிவிட்டுக் குறையை ஈடுசெய்திருந்தது. ஆகவே வெட்டிய மரபணுவால் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த மரபணு தேவையற்றது என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது.

2014இல் சுமார் 37,000 நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட பன்னாட்டுக் கூட்டாய்வு, மனச்சிதைவோடு தொடர்புடைய 108 இடங்களை மரபணுத்தொகுதியில் குறித்துக்கொடுத்தது. 2022இல் இந்த எண்ணிக்கை 287 ஆயிற்று. இடம் என்பது மரபணு அன்று. தெருவின் பெயர் தெரிந்திருக்கிறது, எந்த வீடு என்று தெரியவில்லை. சில தெருக்களில் பத்துப் பதினைந்து வீடுகள்கூட உண்டு. வீடுவீடாகக் கதவைத் தட்டும் வேலையைச் சுண்டெலியில் செய்தால் ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் காலம் கரைந்துவிடும். ஹார்வர்டில் அலெக்சாண்டர் ஷியரின் ஆய்வகத்தில் சம்மர் தைம் முதலியோர் அந்த 108 இடங்களை ஒட்டிய 132 மனித மரபணுக்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் இணைகளை மீனில் ஒவ்வொன்றாகச் சிதைத்து, மூளையின் செயல்பாடு, மூளையின் அமைப்பு, நடத்தை ஆகிய மூன்றையும் அளந்து 2019இல் வெளியிட்டார்கள். என் பார்வையில் இத்துறையில் தொடக்கநிலை வாசகர் அறிந்திருக்க வேண்டிய ஒரே ஆய்வைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

எல்லா மீன்களிலும் ஒரே குறை தென்படவில்லை. விளைவுகள் பலவிதமாகவும், அதே நேரத்தில் மரபணுவுக்கு மரபணு தனித்தன்மையோடும் இருந்தன. சிலவற்றில் முன்மூளையின் வளர்ச்சி மாறியது, சிலவற்றில் முன்துடிப்புத் தடுப்பு குறைந்தது. ஒரே தெருவில் இருந்த பல மரபணுக்களில் எது கவனிக்கத்தக்கது என்பதைப் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சுட்டிக்காட்ட முடிந்தது. மெக்னீசியத்தை உயிரணுவில் கடத்துவதோடு தொடர்புடைய ஒரு மரபணுவும், புரத உற்பத்திக்குக் கடிவாளமிடும் மற்றொன்றும் அப்படி முன்னுக்கு வந்தவை. அதுவரை யாரும் அதிகம் பொருட்படுத்தாத இசட்என்எஃப்536 என்ற மரபணு, சமூக நடத்தையோடும் மன அழுத்தத்தோடும் தொடர்புடைய முன்மூளை நரம்பணுக்கள் உருவாவதற்கு இன்றியமையாதது என்பதும் தெரியவந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அடுத்தகட்ட ஆய்வுக்கு முன்னுரிமை பெற்றன. இவற்றில் எதுவும் மருந்து அன்று, நோயின் விளக்கமும் அன்று. எங்கே தோண்டவேண்டும் என்று நட்டுவைத்த அடையாளக் கற்கள்.

சில வேளைகளில் மீன், சுண்டெலியால் முடியாததைச் செய்கிறது. என்எம்டிஏ ஏற்பி எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் உறுப்புப் புரதத்தை முற்றாக இழந்த சுண்டெலிக் குட்டி, பிறந்து சில மணிநேரங்களில் இறந்துவிடுகிறது. அதே புரதத்தை இழந்த மீன்குஞ்சு ஒரு வாரத்துக்கு மேல் உயிர்வாழ்வதால், அந்த ஏற்பி இல்லாமல் ஒரு மூளை எப்படி வளர்கிறது, எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது. ஆனால் அங்கே ஒன்றுக்கு இரண்டு மரபணுக்களைச் சிதைக்க வேண்டும். எலும்புமீன்களின் மூதாதையரில் முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மரபணுத்தொகுதி முழுவதும் இரட்டித்தபோது உண்டான நகல்களில் பல இன்றும் எஞ்சியுள்ளன. இரு நகல்களும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தால் கணக்கு இன்னும் குழம்பும்.

வேறுபாடுகள் இதோடு நிற்கவில்லை. மனிதரில் மனச்சிதைவோடு அதிகம் பேசப்படும் முன்நெற்றிப் புறணி, அதாவது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் மேலடுக்குப் பகுதி, மீனுக்கு இல்லை. ஆறடுக்குப் புறணியே இல்லை. அதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய முன்மூளை மேற்பகுதி, பாலூட்டிகளில் உள்ளது போல் உட்புறமாக மடியாமல் வெளிப்புறமாக விரிந்து வளர்வதால், எந்தப் பகுதி எதற்கு இணை என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. நம் நடுமூளையில் இருக்கும் டோபமின் நரம்பணுக் கூட்டமும் மீனின் நடுமூளையில் இல்லை. ஒத்த வேலையைச் செய்பவை இடைமூளையில் இருக்கின்றன. ஒரு விஷயத்தில் மீன் சுண்டெலியைவிட நமக்கு நெருக்கம்: மன அழுத்தத்தின்போது அதன் உடலில் சுரப்பது நம்மைப் போலவே கார்டிசோல் என்னும் ஹார்மோன்.

குரல் கேட்பதையும் பொய்யெண்ணத்தையும் மீனில் தேடுபவர் எவரும் இல்லை. இதைவிடக் கடினமான தடை, காலம். நோய் வெளிப்படுவது இளமைப் பருவத்தில். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை நடந்ததோ ஒரு வாரம்கூட ஆகாத குஞ்சுகளில். அந்த வயதில் தன்னினத்தை நாடும் ஈர்ப்புகூட மீனுக்குத் திடமாக அமைந்திருப்பதில்லை. மூன்று வார வயதில்தான் அது தெளிவாகத் தெரிகிறது. அதற்குள் மீன் வளர்ந்து, தோலில் நிறம் ஏறி, மண்டையோட்டு எலும்பு கெட்டிப்பட்டு, முழு மூளையையும் ஒளியால் பார்க்கும் வசதி போய்விடுகிறது. நிறமிகள் அற்ற திரிபு மீன்களை உருவாக்கி இதை ஓரளவுக்குச் சமாளிக்கிறார்கள். இன்னொரு வழியாக, மியான்மாரைச் சேர்ந்த டேனியோனெல்லா செரிப்ரம் என்ற உறவுக்கார மீனின் பக்கம் சிலர் திரும்பியிருக்கிறார்கள். முழுவளர்ச்சி அடைந்த பிறகும் 12 மில்லிமீட்டர் அளவே உள்ள இந்த மீன் வாழ்நாள் முழுவதும் ஒளி ஊடுருவும் உடலோடு இருக்கிறது. மூளைக்கு மேலே மண்டையோட்டு எலும்பு மூடுவதே இல்லை. ஆண் மீன்கள் ஒலியெழுப்பித் தமக்குள் தொடர்புகொள்கின்றன. கூட்டமாக வாழும், ஒலியால் பேசிக்கொள்ளும் வளர்ந்த விலங்கின் மூளையை, குஞ்சின் மூளையைப் பார்ப்பது போலவே பார்க்க முடியும் என்ற வாய்ப்பை அது திறந்துவைத்திருக்கிறது. வரிக்குதிரை மீனுக்காகப் பல பத்தாண்டுகளில் திரட்டப்பட்ட மரபணுக் கருவிகளை அதற்கும் ஒவ்வொன்றாகப் பொருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.